குருசடித் தெருவில் கேட்ட மணி

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தரை ஒரே மட்டம். ரோட்டில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் மலை சைக்கிள் நெடுந்தூரப் போட்டி நடத்தலாம் என்று யோசனை சொன்னவரை யாரும் விசாரிக்கவில்லை. என்னை மட்டும்தான் விசாரிக்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஏட்டையா கேட்டுக் கேட்டு எழுதினால் பொழுது போய்விடும், பி.காம். படித்தவர்தானே, நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் பகலவன். சொந்த இடம் வியாசர்பாடி. இப்போது ராயபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. என் மனைவி ஜானட் போன வருடம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். குழந்தை இல்லை. ஒரு சைக்கிள் இருந்தது.

சைக்கிளைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் செய்தது எல்லாமே அதற்காகத்தான்.

ஜானட் அதைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தாள். சிவப்பு நிறம், தடித்த டயர், கியர் வைத்தது. மலையில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. அவள் மலையைப் பார்த்ததில்லை. பரங்கிமலைக்குப் போயிருக்கிறாள், ஆனால் அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. என்றைக்காவது ரயிலில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு ஊட்டிக்குப் போய், அங்கிருந்து பிரேக் பிடிக்காமல் கீழே இறங்கவேண்டும் என்பாள். அதுவரை தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசுக்கு டைப் அடிக்கப் போவதற்கும் மீன் வாங்கி வருவதற்கும் அதையே ஓட்டினாள்.

"இன்னாம்மே, டிராக்டர் டயரு மாட்டிகினு போற?" என்று காசிமேட்டில் கேட்பார்கள்.

"கடல்ல ஏர் ஓட்டப் போறேன். வர்றியா?" என்பாள்.

அந்த மாதிரி வண்டிகளுக்கு மணி வைத்து விற்பதில்லை. அவள் ஒரு பழைய ரிக்‌ஷாவிலிருந்து மணியைக் கழற்றி மாட்டியிருந்தாள். தெருமுனை திரும்பும்போது அடிப்பாள். பள்ளிக்கூடம் விட்டதுபோல இருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவேன். அவள் படியேறி வருவதற்குள் கல் காய்ந்திருக்கும்.

அவள் போன பிறகு வண்டி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. டயரில் காற்று இறங்கியது. நான் ஓட்டவில்லை.

என் மாமியார் இருதயம்மாள் திருவொற்றியூரில் அந்தோணியார் குருசடித் தெருவில் இருக்கிறார். உடன் இருப்பது மகன் சாலமன், ஜானட்டின் தம்பி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை போடும் வேலை. கால்கள் இரண்டும் தேங்காய் உரிக்கும் கடப்பாரை மாதிரி இருக்கும். ஒருநாள் மாமியார் என் அறைக்கு வந்தார்.

"நைனா, அந்த வண்டிய சும்மா நிக்க வெச்சிகினு இன்னா பண்ணப் போற? உப்புக் காத்துல துரு புடிக்குது பாரு. அவ தம்பி ஓட்டட்டுமே."

நியாயமான பேச்சு. ஜானட்டைப் புதைத்தது அவர்களுடைய கல்லறையில். அவள் படம் அவர்கள் வீட்டுச் சுவரில். அவளுக்காகப் பூசை வைப்பது அவர்கள். நான் பௌத்த வீட்டுப் பிள்ளை, கோயிலில் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்றுகூடத் தெரியாது. எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த இரும்புதான். கொடுத்துவிட்டேன். அன்று இரவு கட்டிலுக்குப் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது. மறுநாள் மனம் மாறிவிட்டது.

திருப்பிக் கேட்கப் போனபோது சாலமன் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டிருந்தான்.

போட்டி சவரிநாதனின் மூளையில் பிறந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கால்பந்து கிளப் செயலாளர். வெளிநாட்டுக்காரர்கள் சைக்கிளோடு சேற்றில் விழுந்து எழுவதை டிவியில் பார்த்திருக்கிறார். "சேறு நம்மகிட்ட இல்லியா, வுழறதுக்கு ஆள்தான் இல்லியா?" என்று கமிட்டியில் கேட்டிருக்கிறார். மலைக்கு எங்கே போவது என்று ஒருவர் இழுத்தபோது எண்ணூர்ச் சாம்பல் மேட்டைக் காட்டினார். அனல் மின்நிலையச் சாம்பல் வருடக்கணக்காகக் குவிந்த மேடு. "அத்த ஏறி எறங்கினா மலைதானே? மலை இன்னா பொறக்கும்போதே மலையாவா பொறந்துச்சு?" என்றார். கமிட்டி அப்போதே தேதி குறித்துவிட்டது. ஜெயிக்கிறவனைக் கிளப் செலவில் ஊட்டியில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவதாகவும் அறிவித்தார்.

ஆக, சாலமன் ஜெயித்தால் அந்த சைக்கிள் ஊட்டிக்குப் போகும். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்ததாக எழுதினால் அது பொய்யாகிவிடும்.

"மாமா, மூஞ்ச அப்டி வெச்சிக்காத," என்றான் சாலமன். "நீயும் ரேஸ்ல வா. நீ என்னிய முந்திட்டீன்னா வண்டி உன்து. நான் முந்திட்டேன்னா என்து. அப்பால ஒரு பேச்சு இல்ல. சரியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நல்ல பையன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

நான் சம்மதித்தேன். என்னிடம் இருந்தது ஆபீசில் தபால் கொண்டுபோகும் கறுப்பு சைக்கிள், பின்னால் பெரிய கேரியர் வைத்தது. பயிற்சிக்காக ராயபுரம் பாலத்தில் ஏறினேன். பாதியில் மூச்சு நின்றது. ஐஸும் மீனும் ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று என்னை முந்திக்கொண்டு போனது. மிதித்துக்கொண்டு போனவர் பீடி வேறு பிடித்துக்கொண்டிருந்தார். காலால் இந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது என்று புரிந்தது. உட்கார்ந்து யோசித்தேன்.

இங்கே சுவரொட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் பகுதியில் ஒருவர் செத்துவிட்டார் என்பதற்கு டாக்டர் எழுதித் தருவது இரண்டாவது அத்தாட்சி. முதலாவது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. டாக்டர் தவறலாம். சுவரொட்டி தவறாது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஜானட் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போகும்போது கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தில், சுவரில் ஜானட் இருந்தாள். பசை காயவில்லை. சாலமனின் நண்பர்கள் சுறுசுறுப்பானவர்கள். எனக்குச் சொல்ல ஓர் ஆளையும் அச்சகத்துக்கு ஓர் ஆளையும் அனுப்பியிருக்கிறார்கள். அச்சகத்துக்குப் போனவன் முந்திவிட்டான். எங்கள் கல்யாணப் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். அதில் என்னை வெட்டியிருந்தார்கள், ஆனால் சரியாக வெட்டவில்லை. அவள் கன்னத்தை ஒட்டி என் கோட்டின் தோள் கொஞ்சம் இருந்தது. நான் முழுவதையும் படித்தேன். எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தேன். பிறகு பஸ் வந்தது.

அந்தச் சுவரொட்டி சொன்னது சரியாகவே இருந்தது.

அதே அச்சகத்துக்குத்தான் போனேன். தண்டையார்பேட்டையில் இருக்கிறது. உரிமையாளர் மாசானம். வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"யாரு சார்?"

"என் மச்சான். சாலமன்."

"அடப்பாவமே! எப்போ?"

"ஞாயிற்றுக்கிழமை காலை."

மாசானம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் அவரிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

"முன்னாடியே வந்தது நல்லதாப் போச்சு," என்றார். "அவனவன் உயிர் போனப்பறம் ஓடியாந்து பேஜாரு குடுப்பான். நீங்க பட்ச்சவரு. மச்சான் இன்னா பண்ணிகினு இருந்தாரு? இருக்காரு?"

"சைக்கிள் நன்றாக ஓட்டுவான். மலை சைக்கிள்."

மாசானம் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மலையேறப் போன மன்னவனே, மேகமேறிப் போனதென்ன?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சோக்கா கீதா? சொந்தமா யோசிச்சது," என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே பரவாயில்லாமல் இருந்தது.

படமாக எங்கள் கல்யாணத்தில் சாலமன் பிரியாணித் தட்டோடு சிரிக்கும் படத்தைக் கொடுத்தேன். தட்டை எடுத்துவிடலாம் என்றார் மாசானம். ஓரமாக ஒரு கோழிக்கால் மட்டும் தங்கிவிட்டது.

கீழே யார் யார் பெயர் என்று கேட்டார். சாலமனின் நண்பர்கள் பெயர்களைச் சொன்னேன். எல்லோருக்கும் மேலே என் பெயரைப் போடச் சொன்னேன். செய்கிறதையும் செய்துவிட்டு எந்த முட்டாள் தன் பெயரையே அச்சடிப்பான் என்று கேட்டீர்கள். மச்சான் சாவுக்கு அக்காள் புருஷன் பெயர் இல்லாமல் சுவரொட்டி வந்தால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியாதது அல்ல. குடும்பத்துக்குள் சண்டை என்பார்கள். துருவுவார்கள். சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகத்தான் என் பெயரைப் போட்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குமேல் குருசடித் தெருவில் ஒட்டினால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். போட்டி ஆறு மணிக்குத் தொடக்கம். சாலமன் வீட்டிலிருந்து ஐந்துக்கே கிளம்பிவிடுவான். திரும்பும் வழியில் போட்டி அவன் தெரு வழியாகத்தான் வரும். அப்படி வரவேண்டும் என்று சவரிநாதனிடம் கெஞ்சி வாங்கியவனே அவன்தான், சொந்த ஜனம் தன்னைப் பார்க்கட்டும் என்று. அந்தச் சொந்த ஜனம் அவனைப் பிடித்து நிறுத்தும். அழும், தொட்டுப் பார்க்கும், விடாது. அந்த நேரத்துக்குள் நான் போய்ச் சேர்ந்துவிடலாம். இவ்வளவுதான் திட்டம். இதில் யாருக்கும் அடிபடாது.

மாமியாரைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை என்று நேற்று சொன்னேன். யோசித்தேன்.

ஞாயிறு காலை ராயபுரத்தில் தொடக்கம், முடிவும் அங்கேதான். 'அகில இந்திய' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அரக்கோணத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். மற்ற எல்லோரும் நாங்கள்தான். முதுகில் குத்திய எண்கள் கேரம் போட்டியில் மிஞ்சியவை. கேஸ் சிலிண்டர் போடும் ஒருவர் பழக்கதோஷத்தில் கேரியர் கொக்கியோடு வந்திருந்தார். பங்குச் சாமியார் எல்லா வண்டிகள்மீதும் தீர்த்தம் தெளித்தார். என் முகத்தில் கொஞ்சம் பட்டது.

"சார், மலை எங்க சார்?" என்று அரக்கோணத்துக்காரர் சவரிநாதனிடம் கேட்டார்.

"வரும் வரும். மொதல்ல நீ மிதி."

சாலமன் என் பக்கத்தில் வந்து நின்றான். சிவப்பு வண்டி பளபளவென்று இருந்தது. மணியை அவன் கழற்றவில்லை.

"மாமா, நம்ம தெருவுல சின்னப்பையன் பேண்டு செட்டு சொல்லி வெச்சிருக்கேன். மாலை கூட கீது. நீ பின்னாடி வந்தாலும் உனுக்கும் ஒண்ணு போடச் சொல்றேன், கவலப்படாத."

அப்போது நான் திட்டத்தைக் கைவிட்டிருக்கலாம். நேரம் பார்த்தேன். ஆறு தாண்டியிருந்தது. ஒட்டத் தொடங்கியிருப்பார்கள். தொடங்கிய வேலையைப் பாதியில் நிறுத்தினால் இன்னும் குழப்பம்தான் வரும்.

கடலோர ரோட்டில் எண்ணூர் வரை போனோம். ஒரு டேங்கர் லாரி ஓட்டுநர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஸ்டிரைக்கா?" என்று கேட்டார். சாம்பல் மேட்டை அடைந்தபோது நான் கடைசிக்கு முந்தியவன். சாம்பல் மேட்டில் சைக்கிள் ஏறாது. இறங்கும். அதாவது நின்ற இடத்திலேயே உள்ளே இறங்கும். சிலிண்டர்காரர் கொக்கி வரை புதைந்தார். அரக்கோணத்துக்காரர் முழங்கால் அளவுச் சாம்பலில் நின்றுகொண்டு, "இதான் மலையா?" என்று கேட்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை, எல்லோர் முகமும் சாம்பலாக இருந்தது. சவரிநாதன் ஜீப்பின்மேல் நின்று மெகாபோனில் கத்தினார்.

"ஏறு! ஏறு! மலைன்னா அப்டித்தான் இருக்கும்!"

சாலமன் மட்டும் ஏறினான். கியரை மாற்றி மாற்றி, எழுந்து நின்று மிதித்து, உச்சிக்குப் போய்விட்டான். தலை முதல் கால் வரை சாம்பல். அங்கிருந்து மணியை அடித்தான்.

"மாமா, பாத்து வா!"

பிறகு மறுபக்கம் பிரேக் பிடிக்காமல் இறங்கினான். ஜானட் அப்படித்தான் இறங்கியிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு அதை நினைக்கவில்லை.

போட்டிப் பாதை அங்கிருந்து மணலி, சாத்தாங்காடு என்று சுற்றிக்கொண்டு திருவொற்றியூருக்கு வரும். நான் சுற்றவில்லை. யாரும் பார்க்காதபோது வந்த வழியே, கடலோர ரோட்டில் திரும்பினேன். இது போட்டி விதிக்கு மாறானது. ஒப்புக்கொள்கிறேன். அப்படியே ராயபுரம் போயிருந்தால் நான் முதலில் சேர்ந்திருப்பேன், சைக்கிளும் எனக்கு வந்திருக்கும். குருசடித் தெருவில் நிற்கவேண்டிய அவசியமே இல்லை. வேலை சரியாக நடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் திரும்பினேன்.

வேலை சரியாகவே நடந்திருந்தது. தெரு நெடுகச் சாலமன் சிரித்துக்கொண்டிருந்தான், ஓரத்தில் கோழிக்காலோடு. பந்தல் போட்டு நாற்காலி இறக்கியிருந்தார்கள். பேண்டு செட்டுக்கு வேறு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. சாலமன் வரவேற்புக்கென்று சொல்லிவைத்த சின்னப்பையன் என்பவரின் குழு நேரத்துக்கு வந்துவிட்டிருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்கள்தான் வாசிப்பார்கள். அடியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். மாலையும் ஏற்கெனவே இருந்தது. ஐஸ் பெட்டிக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "பாடி எங்க? பாடி எப்ப வரும்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எப்படிச் செத்தான் என்று நான் சுவரொட்டியில் போடவில்லை. அது தேவைப்படவும் இல்லை. டேங்கர் லாரி என்றார்கள். இரண்டு லாரி என்றார் ஒருவர். கண்ணால் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போன ஆள் அங்கே இல்லை என்று வந்து சொன்னதும், அப்படியானால் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள். சவரிநாதனுக்கு போன் போட்டிருக்கிறார்கள். வருகிற அழைப்புக்கும் காசு என்பதால் அவர் செல்போனை அணைத்து வைத்திருந்தார். காலை ஏழு மணிக்கு நடந்த விபத்துக்கு ஏழே காலுக்குக் கலர் சுவரொட்டி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாலமனின் நண்பன் ஒருவன் சுவரைக் காட்டி என்னிடம் வந்து அழுதான்.

"மாமே, எல்லார் பேரும் போட்டு கீறீங்க, என் பேர் மட்டும் இல்ல. நான் அவனுக்கு தோஸ்து இல்லியா? நான் இன்னா பாவம் பண்ணேன்?"

விட்டுப்போய்விட்டது என்று மன்னிப்புக் கேட்டேன். எனக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது.

இருதயம்மாள் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. முதுகில் போட்டி எண்ணோடு, சாம்பல் முகத்தோடு என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது.

"நீ கூடதானே இருந்த நைனா. பாத்தியா அவன? ரொம்ப வலிச்சிச்சாமா?"

நான் தெரியாது என்றேன்.

"அவளுக்கு அப்பால இவன்னு இருந்தேன். இனிமே நீதாம்ப்பா எனுக்குப் புள்ள. சாப்ட்டியா?"

இல்லை என்றேன். உள்ளே யாரையோ கூப்பிட்டு எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். டீ வந்தது. குடித்தேன். சின்னப்பையன் வாசித்துக்கொண்டிருந்தார். சுமார் அரைமணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை போதும் என்பது எனக்குத் தெரியும். அந்த வார்த்தை என் வாயில்தான் இருந்தது. ஆனால் சொன்னால் எல்லாம் கலைந்து, எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அவன் வரும்போது இந்த இடம் இப்படியே இருக்கவேண்டும். அவரும் இப்படியே உட்கார்ந்திருக்கவேண்டும். திட்டத்துக்கு அது அவசியமாக இருந்தது.

அப்புறம் தெருமுனையில் மணி கேட்டது.

பள்ளிக்கூடம் விட்டதுபோல. இருதயம்மாளின் கை என் கையை நெரித்தது. அந்த மணி யாருடையது என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒரு பெண், "யம்மா, ஜானட்டு வண்டி!" என்று கத்தினாள்.

சாலமன் தெருவுக்குள் திரும்பினான். உடம்பெல்லாம் சாம்பல், கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. எல்லோருக்கும் முன்னால் தனியாக வந்தான். பந்தல், கூட்டம், பேண்டு, மாலை எல்லாவற்றையும் பார்த்தான். தனக்கான வரவேற்பு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

கூட்டம் இரண்டாகப் பிளந்து ஓடியது. நாற்காலிகள் சரிந்தன. ஐஸ் பெட்டிக்காரர் பெட்டிக்குள் ஏறிக்கொண்டார். சின்னப்பையன் மட்டும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். சாலமன் இறங்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு, அவர் தோளைத் தட்டினான்.

"இன்னா நைனா, சாவு மோளம் அடிக்கிற? யாரு பூட்டா?"

சின்னப்பையன் திரும்பிப் பார்த்தார். சுவரையும் ஒருமுறை பார்த்தார்.

"நீதான்," என்றார்.

சாலமன் சுவருக்குப் போய்ப் படித்தான். மன்னவனே என்கிற வரியை இரண்டுமுறை படித்தான் என்று நினைக்கிறேன். "போட்டோ நல்லாத்தான் கீது," என்றான். "டேய், அவன் உயிரோட கீறான்டா," என்று ஒருவர் சொல்ல, "அத்தெப்டி? போஸ்டரு ஒட்டியாச்சே," என்று இன்னொருவர் மறுத்தார். பெரியவர் ஒருவர் விடாமல் சாலமனையே கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

இருதயம்மாள் எழுந்தார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் போய் சாலமனின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். சாம்பல் பறந்தது. பிறகு கட்டிக்கொண்டார். பிறகு மறுபடி அறைந்தார். பிறகு அவன் தோளுக்குமேல் எட்டி, தெருமுனையைப் பார்த்தார். ஒருவன் வந்தான் என்றால் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்பதுபோல. அப்புறம்தான் மயங்கி விழுந்தார்.

டாக்டர் வந்து பார்த்தார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அது உங்களுக்குத் தெரியும். சாலமன் அம்மாவை விட்டு நகரவில்லை. போட்டியில் ஜெயித்தவர் சிலிண்டர்காரர். ஊட்டிக்கு அவர்தான் போகப்போகிறார், கொக்கியோடு.

அச்சகத்தின் பெயரும் என் பெயரும் சுவரொட்டியிலேயே இருந்ததால் உங்களுக்கு அதிக சிரமம் இருக்கவில்லை. புகார் கொடுத்தவர் சவரிநாதன், போட்டியைக் கெடுத்ததற்காக. என் மாமியார் புகார் கொடுக்கவில்லை. நேற்று டிபன் கேரியரில் சோறும் நெத்திலிக் குழம்பும் கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டுப் போனார். போகும்போது ஒன்று மட்டும் கேட்டார்.

"பக்கத்துலதானே நைனா குந்திகினு இருந்த. காதோட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். என் பதில் மேலே இருக்கிறது. சைக்கிள் யாருக்கு வரவேண்டும் என்பதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை. இப்போது அது ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடித்துவைத்த வண்டிகளோடு நிற்கிறது. உப்புக் காற்று படுகிறது. ஒரு சாக்கையாவது போட்டு மூடச் சொல்லுங்கள். வழக்கு முடிந்ததும் சாலமனிடமே கொடுத்துவிடலாம். நான் அவனை முந்தவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள். சாலமன் வந்து நின்ற பிறகு, மாமியார் விழுந்த பிறகு, எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிய பிறகு, நான் மட்டும் தெருமுனையில் போய் நின்றுகொண்டு என்ன செய்தேன் என்று.

மற்ற போட்டியாளர்கள் வரவேண்டியிருந்தது. எல்லோர்மீதும் சாம்பல் பூசியிருந்ததால் ஆள் அடையாளம் தெரியவில்லை. அதனால் ஒவ்வொருவரையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டியிருந்தது. கடைசியாக அரக்கோணத்துக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அவரே சொன்னார். போட்டியில் சிலசமயம் ஓர் ஆள் பிந்திவிடுவது உண்டு. அதனால் நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.